ஓயாமல் எரியும் மஞ்சள் விளக்கு: டயர் கடைக்கு ஒரு புகார்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
டயர் மற்றும் அலாய் வீல் விற்பனை நிலையம்,
புதுச்சேரி.

பொருள்: காற்றழுத்த சென்சார் இல்லாமல் வீல் மாற்றிக் கொடுத்தது, அதனால் டயர் வீணானது தொடர்பாக.

ஐயா,

தீபாவளிக்கு முந்தின வாரம் உங்கள் கடையில் நான்கு அலாய் வீலும் நான்கு டயரும் சேர்த்து 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். காரோடு வந்த பழைய வீல்களை டயரோடு அப்படியே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 8,000 ரூபாய் கழித்தீர்கள். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சுத்தமான வேலை. டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். என் புகார், பழைய வீல்களோடு சேர்ந்து என்னிடமிருந்து போன பொருளைப் பற்றியது.

என் காரில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் இருந்தது. டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ரேடியோ அலை வழியாகக் காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் நான்கு எண்கள் தெரியும். உங்கள் கடையிலிருந்து கிளம்பி அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் அந்த நான்கு எண்களும் போய், நான்கு கோடுகள் வந்தன. மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே போன் செய்தேன். "ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்க சார், தானா போயிடும்" என்றார் உங்கள் ஊழியர். ஐந்நூறு ஓட்டியும் போகவில்லை. இப்போது தினமும் வண்டியை எடுத்தவுடன் அந்த விளக்கு ஒரு நிமிடம் மினுக்குகிறது, பிறகு நிலையாக எரிகிறது. காரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். மினுக்கினால் கருவியிலேயே கோளாறு, மினுக்காமல் எரிந்தால் காற்று குறைவு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

நேரில் வந்தேன். உங்கள் சூப்பர்வைசர் சொன்னது இது: "நம்ம ஊர்ல எத்தனை வண்டியில சார் இதெல்லாம் இருக்கு? எல்லாரும் ஓட்டலையா? கண்ணை உறுத்துதுன்னா ஒரு கறுப்பு டேப் ஒட்டிக்குங்க."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. என் பழைய காரை 14 வருடம் சென்சார் இல்லாமல்தான் ஓட்டினேன். ஆனால் அதில் ஸ்டெப்னி இருந்தது. வேறு எதுவும் எனக்குச் சொல்லாது என்று தெரிந்ததால் காலையில் வண்டி எடுக்கும் முன் நான்கு டயரையும் ஒரு பார்வை பார்ப்பேன். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருக்கும் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. அதை நம்பித்தான் கம்பெனி ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை விற்றது, நானும் வாங்கினேன். கருவியை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஒரு பஞ்சர் கிட் மட்டும்தான்.

டிசம்பரில் அதுவும் உதவவில்லை. அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. தவளக்குப்பம் தாண்டியதும், பின் சீட்டில் இருந்த அம்மா, "ஏண்டா, வண்டி தாலாட்டுற மாதிரி இருக்கு?" என்றார். பள்ளம் மேடான ரோடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். முன் டயர் இறங்கியிருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இது பின் டயர். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் இரண்டு மாதமாக எரிகிறதே! கிருமாம்பாக்கம் அருகே ரப்பர் கருகும் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். இடது பின் டயர் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. பஞ்சர் கிட்டில் இருந்த, ஓட்டையை அடைக்கும் திரவத்தை ஏற்றினேன். டயரின் பக்கச் சுவர் வழியாக நுரையாக வெளியே வந்தது. அம்மாவை ஆட்டோவில் கடலூருக்கு அனுப்பிவிட்டு, ரெக்கவரி வண்டிக்காக மழையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

ஆல்பேட்டையில் பஞ்சர் போடுபவர் டயரைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். காபித்தூள் மாதிரி ஒரு கை நிறையக் கறுப்புத் தூள் கொட்டியது. "காத்து இல்லாமயே ரொம்ப தூரம் ஓடியிருக்கு சார். இதெல்லாம் டயரோட உள்பக்கம் அரைபட்டது" என்றார். நடுவில் ஒரு சின்ன ஆணி. நேரத்துக்குத் தெரிந்திருந்தால் ஒரு சாதாரண பஞ்சரோடு முடிந்திருக்கும். வால்வைத் திருப்பிக் காட்டினார். வெறும் ரப்பர் வால்வு. அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

பிரான்சில் கிரெனோபிள் நகரில் என் சித்தி மகன் இருக்கிறான். அங்கே மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காருக்குப் பனிக்கால டயர் வேண்டும், இல்லாவிட்டால் பனியில் சறுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பனிக்கு ஒரு செட் வீல், வெயிலுக்கு ஒரு செட் என்று வைத்திருப்பவர்கள் நிறைய. இரண்டாவது செட்டுக்கும் சென்சார் வேண்டுமா என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பாராம். காசு மிச்சம் என்று சென்சார் இல்லாமல் போட்டுக்கொண்டு, மார்ச் வரை விளக்கை எரியவிட்டு ஓட்டுபவர்களும் உண்டாம். ஆனால் அவர்கள் தெரிந்தே அப்படி ஓட்டுகிறார்கள், கழற்றிய வீலும் சென்சாரும் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும். புதுச்சேரியில் பனி விழாது, சரி. அந்தக் கேள்வியைக் கேட்கவுமா கூடாது?

கேட்டிருந்தால் பெரிய செலவும் இல்லை. புது வீலில் டயர் ஏற்றும்போதே, பழைய வீலில் இருந்த சென்சார்களைக் கழற்றி மாட்டியிருக்கலாம். அதே சென்சார் என்பதால் காருக்குப் புதிதாக எதையும் பதியவும் வேண்டியதில்லை. அதன் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும், என் காருக்கு வயது மூன்றுதான். நீங்கள் கழித்துக் கொடுத்த 8,000 ரூபாயில் அந்த நான்கு சென்சாருக்கு என்ன விலை போட்டீர்கள் என்று பில்லில் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை.

ஆகவே, என் காருக்குப் பொருந்தும் நான்கு சென்சார்களை உங்கள் செலவில் மாட்டி, காரில் பதிந்து, டேஷ்போர்டில் நான்கு எண்களும் தெரிகிறபடி வண்டியைத் தர வேண்டும். வீணான டயருக்கு அதே ரகத்தில் புது டயர் வேண்டும். ரெக்கவரி வண்டிக்குக் கொடுத்த 2,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். ஆட்டோ காசு நான் கேட்கவில்லை. கறுப்பு டேப் யோசனையைச் சொன்ன சூப்பர்வைசர்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்து வருகிறவரிடம் அதைச் சொல்லாமல் இருந்தால் சரி.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

கிழிந்த டயரைத் தூக்கிப் போடவில்லை. உள்ளே இருந்த தூளையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.

இணைப்பு: பில் நகல், ரெக்கவரி வண்டி ரசீது, டயர் மற்றும் டேஷ்போர்டு புகைப்படங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்