கோரிக்கையைக் கனவு என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிச் செய்திகளின் தலைப்புகளில் ‘கனவு’ என்னும் சொல் இப்போது அடிக்கடி வருகிறது. வீட்டுத்திட்டம் கிடைத்தால் கனவு இல்லம், படையினர் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டால் நீண்டநாள் கனவு நனவானது, ஒழுங்கைக்குத் தார் போட்டால் அதுவும் ஊரவர் கண்ட கனவு. அந்தச் சொல்லோடு எனக்குப் பகையில்லை. அதை எங்கே வைக்கிறோம் என்பது பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் பேச்சில் இதற்கு வேலைகள் பல. வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கும் மகனைப் பார்த்து, ‘என்னடா, கனவு காணுறியோ?’ என்று தகப்பன் அதட்டும்போது அது பராக்கைக் குறிக்கும். ‘கனவிலையும் நினைக்கேல்லை’ என்பது நன்மைக்கும் வரும், கேட்டுக்கும் வரும். உறக்கத்தில் காண்பதற்கோ தனிச் சாத்திரமே உண்டு: பல் விழக் கண்டால் வீட்டில் துக்கம், கலியாணம் கண்டாலும் துக்கம் (இது என்ன நியாயமோ!), இறந்தவர் வந்து சாப்பாடு கேட்டால் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும், விடியப்புறம் கண்டது பலிக்கும். மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று இருப்பதை ஆய்வாளர்கள் 1953இல் வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில்தான் வருகின்றன என்பதாலும், விடியலை நெருங்க நெருங்க அந்நிலை நீளுகிறது என்பதாலும், விடியற்கனவு மற்றவற்றைவிட நினைவில் நிற்பதில் வியப்பில்லை. பலிப்பது வேறு விடயம்.

இலட்சியம் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. அப்துல் கலாம் மாணவர்களைக் கனவு காணச் சொல்லிவந்த பிறகு அது பாடசாலை மேடைகளில் நிலைத்துவிட்டது. உயர்தரத்தில் சித்தியடைந்த பிள்ளை, வைத்தியராவது தன் கனவு என்று சொன்னால் அதை அப்படியே அச்சிடுங்கள். இன்னும் கைக்கு வராத ஒன்றை அந்தப் பிள்ளை தன் முயற்சியால் எட்டப் பார்க்கிறது.

ஆனால், 1992இல் இரணைதீவை விட்டு இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறி, கடற்படை நிலைகொண்டிருந்த அந்தத் தீவுக்குத் திரும்பிய மக்கள் எதைக் கனவு கண்டார்கள்? தங்கள் வீட்டையும் கிணற்றையும் கோயிலையும் அல்லவா கேட்டார்கள்? முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் இராணுவ முகாம் வாசலில் இருந்து கேட்டதும் தாங்கள் முன்பு குடியிருந்த காணியையே. எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கனவு என்று எழுதியவுடன், கொடுக்க வேண்டியவர் செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறார்; காணி விடுபடும் நாளில் அவரே வரம் தந்தவராகப் படத்தில் நிற்கிறார்.

இதைவிட என்னை உறுத்துவது, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைப் பற்றி எழுதும்போது இச்சொல் வருவது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், பிள்ளைகளை உண்மையாகவே கனவில் காண்கிறவர்கள். விழிப்பு என்று ஒன்று இல்லாதிருந்தால் கனவில் வந்த காதலர் பிரியமாட்டாரே என்று திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் சொல்வாள்; அந்த வருத்தம் இவர்களுக்கும் உண்டு. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் அவர்கள் கேட்பது, போர் முடிவில் படையினரிடம் கையளித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கான பதில். அந்தக் கேள்வியையும் ‘தாய்மாரின் கனவு’ என்று தலைப்பிட்டால், பதில் சொல்ல வேண்டியவருக்கு அதைவிட வசதியான சொல் கிடைக்காது.

ஆகவே, காணி, வீடு, குளத்து நீர், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செய்திகளில் கோரிக்கை, உரித்து என்னும் சொற்களையே எழுதுமாறும், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுமாறும் தங்கள் செய்தி ஆசிரியர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
புதுக்குடியிருப்பு.