கயலுக்கு: அடுப்பு அப்புறம், முதலில் தரை

அன்புள்ள கயல்,

வீட்டுப் பின்புறத்தில் வெளிச் சமையலறை போட, வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மூன்று கிரில் அடுப்புப் படங்களையும் பார்த்தேன். ஆறு பர்னர் வைத்த அந்தப் பெரியது மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்று நீ சொல்லாமலே தெரிகிறது. அதற்கு மட்டும் நான்கு கோணத்தில் படம் வந்திருக்கிறது. "எதை வாங்கலாம்ப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் பேரன் வந்து பிடுங்கிக்கொள்வான், அதனால் எழுதுகிறேன்.

கிரில்லை இப்போது வாங்காதீர்கள். முதலில் தரையைப் போடுங்கள். கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கு தரைக்குப் போகட்டும், மிச்சத்தில் அடுப்பு.

ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் உங்கள் டல்லாஸ் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் பின்புறத்து மண்ணை ஈரத்தோடு எடுத்து உருட்டிப் பார்த்தேன். விரல் நீளத்துக்குத் திரி மாதிரி வந்தது, உடையவில்லை. நம் கோவில்பட்டிக் கரிசலேதான். டல்லாஸ் வட்டாரத்தில் ஓடும் அந்தக் கறுப்பு மண் பட்டைக்கு பிளாக்லேண்ட் என்று பெயர். சான் அன்டோனியோ பக்கத்தில் ஆரம்பித்து வடக்கே ரெட் ரிவர் வரைக்கும் போகிறது. அதில் ஹூஸ்டன் பிளாக் என்ற ரகத்தை டெக்சாஸ்காரர்கள் தங்கள் மாநில மண்ணாகவே வைத்திருக்கிறார்கள். மண் படித்தவர்கள் நம் கரிசலையும் அதையும் வெர்டிசால் என்று ஒரே வகுப்பில் சேர்ப்பார்கள். மழை பெய்தால் உப்பும், ஆகஸ்ட் வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். உங்கள் தெருவில் வீட்டைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு அடித்தளத்துக்குத் தண்ணீர் விடுகிறார்களே, அது இதற்காகத்தான்.

ஓவர்சியர் வேலையில் கரிசலோடு மல்லுக்கட்டியே என் காலம் போனது. இந்த மண்ணில் லேசான எதையும் நேரடியாக வைக்கக் கூடாது. வீடு கனம், அதற்கு இன்ஜினீயர் கணக்குப் போட்டிருப்பார். பின்புறத்துத் தளம் லேசானது. மண் தூக்கினால் தூக்கின பக்கம் போகும். வீட்டோடு சேர்த்துக் கட்டினால் இரண்டு வருஷத்தில் நடுவில் கோடு விழும்.

அதனால் காங்கிரீட்டா பேவர் பிளாக்கா என்று என்னைக் கேட்டால், பேவர். காங்கிரீட் வெடித்தால் ஒட்டுப் போடத்தான் முடியும், ஒட்டு கண்ணை உறுத்தும். பேவர் இறங்கினால் அந்த இடத்தில் பத்துக் கல்லைப் பெயர்த்து, அடியில் மணல் போட்டுச் சமன் செய்து, அதே கல்லைத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் பேவரின் உயிர் அடியில் இருக்கிறது. கறுப்பு மண்ணை முக்கால் அடிக்குக் குறையாமல் வெட்டி எடுக்கச் சொல். அதில் ஆறு அங்குலம் உடைகல் ஜல்லி, அதுவும் இரண்டு அடுக்காகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் மிஷின் வைத்துத் திமிசு போட வேண்டும். ஒரே அடியாகக் கொட்டி மேலாக்கில் தட்டினால் அடியில் இருப்பது இறுகாது. அதன் மேல் ஒரு அங்குலம் மணல், அப்புறம் கல். ஓரத்தில் கல் நகராமல் கட்டை பிடிக்க வேண்டும். காண்ட்ராக்டர் "நாலு அங்குலம் போதும்" என்பார். தலையாட்டிவிட்டு, ஆறு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்.

வாட்டம் மறக்காதே. வீட்டிலிருந்து விலகி, அடிக்குக் கால் அங்குலம். பன்னிரண்டு அடித் தளம் என்றால் கடைசியில் மூன்று அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ரசமட்டம் பிடிக்கத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே போதும். வீட்டுச் செங்கல் சுவரின் அடிவரிசையில் பூச்சு இல்லாமல் சின்னச் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறாயா? சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வைத்த வழி அது. புதுத் தளம் அதை மூடவே கூடாது, நாலைந்து அங்குலம் கீழே நிற்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் புல் போர்த்திய ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது அழகுக்கு விட்டது இல்லை. மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகும் வாய்க்கால். தளத்தை அதன் மேல் நீட்டினால் தண்ணீர் உன் வீட்டுக்கும் வரும், பக்கத்து வீட்டுக்காரர் வக்கீலும் வருவார்.

இன்னும் ஒன்று. உங்கள் கராஜ் தரையில் போஸ்ட் டென்ஷன் என்று முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்தேன். வீட்டு அடித்தளத்துக்குள் எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பந்தல் கால் ஊன்றவோ வேறு எதற்கோ அந்தத் தளத்தில் யாரும் டிரில் போட விடாதே. கம்பி அறுந்தால் தெறிக்கும், ஆளுக்கும் ஆபத்து, வீட்டுக்கும் நஷ்டம். மண்வெட்டி எடுப்பதற்கு இரண்டு வேலை நாள் முன்னாலேயே 811-க்குப் போன் போடு. கேஸ், கரண்ட், கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாகவே ஆள் வந்து தரையில் நிறம் அடித்துக் காட்டுவார்கள். உங்கள் காலனி சங்கத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குவது உன் பாடு. அந்த மின்னஞ்சல்களைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

சரி, அடுப்புக்கு வருகிறேன்.

முதலில் நீங்கள் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஸ்டேக் போடும் வீடு இல்லை உங்களது. நெத்திலி பொரித்தால் மூன்று நாள் சோபாவில் மணக்கிறது என்று நீயே புலம்பினாய். கருவாடு வாங்கிவைத்துவிட்டு வறுக்கப் பயந்து ஃப்ரீசரிலேயே கிடந்ததையும் பார்த்தேன். நண்பர்கள் வந்தால் பிரியாணி அண்டா. வார இறுதியில் மாப்பிள்ளைக்குக் கொத்து பரோட்டா. இதில் எதற்கும் கம்பி போட்ட கிரில் தேவை இல்லை. தேவை ஒரு நல்ல தட்டை இரும்புக் கல். அங்கே ஃபிளாட் டாப், கிரிடில் என்று விற்கிறார்கள். முப்பத்தாறு அங்குலம் அகலம், அடியில் நாலு பர்னர். ஒரு பக்கம் பரோட்டா, மறு பக்கம் முட்டையும் வெங்காயமும். மீன் பொரிக்கவும் அண்டா வைக்கவும் தனியாக ஒரு கேஸ் அடுப்பு. மெனக்கெட்டு வெளியே சமையலறை போடுவதே நாற்றத்தையும் புகையையும் வெளியே தள்ளத்தானே? இந்த இரண்டும் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை தீர்ந்தது. கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவதை உன் அம்மாவிடம் கேட்டுக்கொள், அந்தத் தைலம் இந்தத் தைலம் என்று விற்பதை வாங்காதே.

சுட்ட கோழிக்கு? அதற்குக் கரி. மூடியோடு உருண்டையாக இருக்கும் 22 அங்குலக் கெட்டில் அடுப்பு போதும். 1952-ல் சிகாகோ பக்கம் வெபர் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டிச் செய்தது அது. அந்த உருவம் இன்னும் பெரிதாக மாறவில்லை, மாற்றவும் அவசியப்படவில்லை. ஆறு பர்னர் கிரில் விலையில் இதுவும் தட்டைக் கல்லும் சேர்ந்தே வந்துவிடும், விசாரித்துப் பார்.

அதை ஓட்டுவது எப்படி என்று மாப்பிள்ளை வீடியோ பார்த்துக் கற்க வேண்டாம். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்தவனுக்கு அது தெரிந்த வேலை. சீமைக்கருவேலத்தை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, காற்றுக்கு ஓட்டை மட்டும் விட்டு நெருப்பு வைப்பார்கள். உள்ளே எரியும் வேகம் முழுக்க அந்த ஓட்டைகளில் இருக்கிறது. ஒன்றைத் திறப்பார், ஒன்றை அடைப்பார், புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நிலை என்று சொல்லிவிடுவார். கெட்டிலும் அப்படித்தான். அடியில் ஒரு காற்றுவழி, மூடியில் ஒன்று. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடிவழியில். மூடியில் இருப்பதைப் பெரும்பாலும் திறந்தே வை. கங்குகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கு. கோழியை முதலில் கங்கு இல்லாத பக்கம் வைத்து மூடி வேகவிடு, கடைசியில் கங்குக்கு மேலே கொண்டுவந்து தோலை முறுக வை. எல்லாரும் தலைகீழாகச் செய்துதான் வெளியே கருகி உள்ளே ரத்தத்தோடு பரிமாறுகிறார்கள். தொடைக் கறியில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார், 165 ஃபாரன்ஹீட் காட்டினால் எடுக்கலாம். கெட்டியான வெள்ளைப் புகை வரும்போது கறியை வைத்தால் கசக்கும். புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாகும் வரை பொறு.

கரி வாங்கும்போது மெஸ்கீட் என்று எழுதிய மூட்டையைப் பார்ப்பாய். டெக்சாஸ் மேய்ச்சல் நிலக்காரர்கள் திட்டித் தீர்க்கிற முள் மரம் அது, நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். சூடு மிக நன்றாக இருக்கும், ஆனால் புகை காரம். சீக்கிரம் வேகும் இறால், கோழித்துண்டுக்குச் சரி. மணிக்கணக்கில் வேக வேண்டியதற்கு ஓக். பற்றவைக்க அந்த நாற்றமடிக்கும் திரவம் வேண்டாம். தகரக் குழாயில் கரியைப் போட்டு அடியில் காகிதம் கொளுத்தினால் கால் மணி, இருபது நிமிஷத்தில் கங்கு தயார்.

சமையல் முடிந்தும் கரி மணிக்கணக்கில் புகையும். மழை வந்தாலும் குளிர் அடித்தாலும் அதைக் கராஜுக்குள் தள்ளாதே. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனி கொட்டி மின்சாரம் போனபோது கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்துக் குளிர்காய்ந்து, கார்பன் மோனாக்சைடில் எத்தனை குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

கேஸ் விஷயம். அங்கே சிலிண்டர் 20 பவுண்டு, சுமார் ஒன்பது கிலோ. நம் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. அதனால் அண்டா வைக்கிற அன்று இரண்டு இருக்கட்டும். மிச்சச் சிலிண்டரும் வெளியில்தான், வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்காதே. உங்கள் சுவரில் பைப் கேஸ் வாய் ஒன்று விட்டிருக்கிறார்கள். அதில் மாட்ட ஆசை இருந்தால், வாங்கும்போதே இயற்கை எரிவாயு மாடல் கேட்டு வாங்க வேண்டும். பர்னர் துளையின் அளவே வேறு. சிலிண்டர் அடுப்பைக் கொண்டுபோய் அதில் சொருகக் கூடாது. லைசென்ஸ் உள்ள பிளம்பர் வந்து பிரஷர் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். புரோபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே மாப்பிள்ளை சொல்லும் கல் மேடைக்குள் சிலிண்டர் வைப்பதாக இருந்தால் அடியில் காற்றுவழி கட்டாயம். குழாய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார். சுடர் திடீரென்று சுணங்கினால் கடைக்கு ஓடாதே. பர்னர் திருகுகள் எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டு. அப்புறம் சிலிண்டரை மெதுவாகத் திற, கடைசியில் பர்னர். பர்னரைத் திறந்து வைத்துவிட்டுச் சிலிண்டரைத் திருகினால் கசிவு என்று நினைத்து வால்வு கேஸைக் குறைத்துவிடும், அவ்வளவுதான்.

இடம்: சுவரிலிருந்தும் அந்தக் காய்ந்த மரவேலியிலிருந்தும் பத்து அடி தள்ளி. கூரை நீட்டலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம். உங்கள் ஊரில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறது. தெற்கு மூலையில் அடுப்பை வைத்தால் கருவாட்டு மணம் நேராக உன் சமையலறைக்கே திரும்பிவிடும். வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோ. மாலை வெயிலுக்கு மேற்கே ஒரு தட்டி கட்டினால் போதும், அந்த ஆயிரக்கணக்கான டாலர் பந்தலை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

மாப்பிள்ளை மனசு நோகாமல் சொல். ஆறு பர்னர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் எழுதியிருக்கும் பி.டி.யு. எண்ணை, அதாவது வெப்ப அளவை, பார்த்து மயங்க வேண்டாம், அதைச் சமைக்கும் பரப்பால் வகுத்துப் பார்க்கச் சொல். சதுர அங்குலத்துக்கு 80-லிருந்து 100 வந்தால் தாராளம். கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். ஸ்டெயின்லெஸ் என்று பளபளக்கும் மூடியில் நறுக்கென்று ஒட்டினால் அது மட்டமான ரகம், வெளியில் கிடந்தால் துரு பிடிக்கும். இதற்கு அப்புறமும் வேண்டும் என்றால் வாங்கட்டும், வீட்டுக்கு மருமகன், நான் தடுக்க முடியுமா.

நீ செய்ய வேண்டியது: தளம் வரப்போகும் இடத்தின் நீளம் அகலம், பின்கதவுப் படியின் உயரம், கேஸ் வாய் இருக்கும் இடம், வடக்கு எந்தப் பக்கம், இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. அடியிலேயே எழுது, மீட்டர் வேண்டாம். காண்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவர் தரும் எஸ்டிமேட்டையும் அனுப்பு. ஜல்லி எத்தனை அங்குலம் என்ற வரியை முதலில் தேடுவேன். கருவாட்டை இனியும் ஃப்ரீசரில் வைக்காதே என்கிறாள் அம்மா, பழசைத் தூக்கிப் போட்டுவிடு, புதுசு அனுப்புகிறாளாம்.

அன்புடன்,
அப்பா