பாதி விலைப் பலகையைக் கழற்றுங்கள்

நீலகிரி மாவட்ட கிளப் கமிட்டியாருக்கும் ஜிம் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஊரில் பணப்புழக்கம் குறைந்தால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் ஒரே பலகை முளைக்கிறது: ‘ஆண்டுச் சந்தா பாதி விலை’. தயவுசெய்து அதைக் கழற்றுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு இதோ.

மாதம் 1,000 ரூபாய் கட்டும் உறுப்பினர்கள் 150 பேர், மாதச் செலவு 1.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மாதம் 20,000 மிஞ்சுகிறது. இவர்களில் 60 பேர் 6,000 ரூபாய் ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் முதல் மாதம் 4.5 லட்சம் விழும். செலவு போக 3.2 லட்சம் கல்லாவில் இருக்கும். கமிட்டிக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாதத்திலிருந்து வரவு 90,000 மட்டுமே. மாதாமாதம் 40,000 துண்டு விழும். எட்டு மாதத்தில் கல்லா காலியாகிவிடும். கடைசி மூன்று மாதம் அந்த 60 பேருக்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல் கதவு திறக்க வேண்டும். இதில் வேடிக்கை, பாதி விலையை முதலில் பிடித்துக்கொள்பவர் புது ஆள் அல்ல. தினமும் காலையில் தவறாமல் வந்து முழுச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்தான்.

நீண்ட ஒப்பந்தமும் பெருங்கடனுமாக வளர்ந்த அமெரிக்காவின் பாலி டோட்டல் ஃபிட்னஸ் என்ற ஜிம் நிறுவனம் 2007-இல் ஒருமுறை, 2008-இல் மறுமுறை திவால் மனு போட்டது. அந்தக் காலப் பொருளாதார மந்தத்தில் பிரிட்டனில் தழைத்தவை, ஒப்பந்தமே கேட்காமல் மாதச் சந்தா வாங்கிய மலிவு ஜிம்கள்.

விலையைக் குறைப்பதற்குப் பதில் சந்தாவைச் சில நாள் நிறுத்திவைக்க வழி கொடுங்கள். பசுந்தேயிலை விலை இறங்கினால் சிறு விவசாயியும் ஃபேக்டரி ஊழியரும் முதலில் வெட்டும் செலவு ஜிம்தான். தென்மேற்கு மழையில் கூடலூர், ஊட்டிப் பக்கமும், வடகிழக்கு மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வருகை படுத்துவிடும். அப்போது மாதம் 100 ரூபாய் மட்டும் வாங்கி, அதிகபட்சம் இரண்டு மாதம் சந்தாவை நிறுத்திவையுங்கள். திரும்பும் தேதியை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத நிறுத்திவைப்பு, விலகல் கடிதத்துக்குச் சமம். தேதிக்கு ஐந்து நாள் முன்னால் டிரெயினர் போனில் கூப்பிட வேண்டும். ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டால் பாக்கி கேட்பதாகவே கேட்கும்.

இதனால்தான் ஆள் குறைப்பில் முதல் வெட்டு டிரெயினர் மீது விழக்கூடாது என்கிறோம். அவர் போனால் பின்னாலேயே உறுப்பினர்களும் போவார்கள். அதற்குப் பதில் பகல் 11 முதல் 4 வரை மூடுங்கள். அந்த நேரத்து விளக்கும் ஆளும் மிச்சம்.

சந்தாவை யுபிஐ ஆட்டோபேயில் வாங்குபவர்கள் 1-ஆம் தேதியை வைக்காதீர்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போய்விடும். கணக்கு காலியாக இருந்தால் எடுப்பு தோற்கும். உறுப்பினருக்குச் சம்பளம் விழும் தேதியைக் கேட்டு, மறுநாளை வையுங்கள்.

அறை வாடகையையும் விருந்தினர் கட்டணத்தையும் நம்பி ஜிம் நடத்தும் கிளப்புகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. உங்கள் சீசன் வரவுக்கு மேல்வரம்பை வேறொருவர் போட முடியும் என்பதை பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.

வரியில் பலர் குழம்புகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கு ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 சதவீதம். 1,180 கட்டியவர் 1,050 கட்டினால் போதும். ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. வாடகைக்கும் புதுக் கருவிக்கும் கட்டும் வரி முழுக்க உங்கள் தலையில். கிளப் சந்தாவுக்கு 18 அப்படியே நிற்கிறது. சந்தாவுக்குள் ஜிம்மைக் கலந்து பில் போடுபவர்கள் ஆடிட்டரிடம் இப்போதே கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். நீராவிக் குளியல் அறையின் 6 கிலோவாட் ஸ்டீம் ஜெனரேட்டர் ஒரு மணி நேரத்துக்கு 6 யூனிட் தின்னும். நம் குளிருக்கு அறை சூடேறவே நேரம் பிடிக்கும். வாரம் இரண்டு மாலை, முன்பதிவுக்கு மட்டும் திறந்தால் போதும். பயன்படுத்தாவிட்டாலும் அனுமதி பெற்ற மின்பளுவுக்கு (கிலோவாட் அளவுக்கு) நிலைக் கட்டணம் உண்டு. ஸ்டீமை நிரந்தரமாக மூடுவதென்றால் மின்பளுக் குறைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் 12 மாத பில்லில் பதிவான உச்சத் தேவையை, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரத்தைப் பாருங்கள். அதற்கும் கீழே குறைத்தால் அபராதத்தில் மிச்சமெல்லாம் போய்விடும்.

புதுக் கருவி வாங்க முடியாத காலத்தில் பழையது சாகக்கூடாது. டிரெட்மில் பெல்ட் காய்ந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும், கடைசியில் எரிவது கன்ட்ரோல் போர்டு. கால் வைத்ததும் பெல்ட் ஒரு கணம் தயங்கினால் அதுதான் முதல் அறிகுறி. பிளக்கைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, அதன் அடியிலுள்ள பலகையின் நடுவில் 20 முதல் 30 மில்லி சிலிக்கான் எண்ணெய் விடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டாம். மூடுபனி மாதங்களில் யாரும் ஓடாவிட்டாலும் தினம் 15 நிமிடம் ஓடவிடுங்கள்; போர்டில் ஈரம் தங்காது. பார்பெல்லை நைலான் பிரஷால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிதாகப் பூசுங்கள். இழுவைக் கருவியின் கம்பியில் ஓர் இழை அறுந்தாலும் அன்றே கழற்றுங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், அது ஆள் தலையில் விழும் பொருள்.

இப்படிக்கு,
மலை ஜிம்களின் கணக்கும் கருவியும் பார்க்கும் சிலர்,
குன்னூர்