கிளை நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம்ம குமரி மாவட்டத்தில், விளவங்கோடு பக்கம் ஒரு கிளை நூலகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். 'சும்மா இருந்து புக்கு படிக்கிற வேலை' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள், நூலகர்களே தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் இதைவிட மோசம். பலர் தங்களைப் புத்தகத்துக்குக் காவல்காரராகத்தான் நினைக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். இருப்புச் சரிபார்ப்பில் ஓர் எண் குறைந்தால் நம்மைத்தான் கேட்பார்கள். வாசகர் ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால் அதற்குப் பதிவேடு கிடையாது. அப்புறம் பீரோவைப் பூட்டத்தானே தோன்றும்? நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே முதல் விதியாக எழுதிவிட்டார். சாவி கையில் இருக்கும்போது அது ஞாபகம் வராது.

இன்னொரு கூட்டத்துக்கு, எந்தப் பொருள் பற்றிய புத்தகம் என்று காட்டும் வகுப்பு எண் போடுவதுதான் தொழிலே. எண் வேண்டும்தான். ஆனால் அக்டோபர் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "சார், நம்ம மாவட்ட வரலாறு புக்கு இருக்கா?" என்று கேட்பாள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் தமிழ்நாட்டு வரலாறு 954.82. அங்கே கை காட்டினால் பாதிதான் கிடைக்கும். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும் வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அந்தக் காலத்துச் சங்கதி கேரளத்துக்கான 954.83-இல் கிடக்கும். அந்த இணைப்புக்குப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியின் வாழ்க்கை வரலாறோ 920-களில், வேறு பீரோவில். ஆகவே எழுந்து போகும் முன் கேளுங்கள்: "எதுக்கு மக்களே? பேச்சா, கட்டுரையா? எப்போ வேணும்?" நாளைக்குப் பேச்சுப்போட்டி என்றால் 400 பக்கப் புத்தகம் அவளுக்குச் சுமை. இணைப்புப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-இல் நடந்த துப்பாக்கிச்சூடு, நான்கு தாலுகா இணைப்பு என்று வேண்டிய பக்கங்களில் துண்டுத்தாள் செருகிக் கொடுங்கள். என் கணக்கில் நூலகருக்குச் சம்பளமே இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

காவல் வேலையும் உண்டு. நமக்கு இரண்டு மழைக்காலம். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் கை நுழைய இடம் விடுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி மேலே இருக்கட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் காற்று போகாது. பூஞ்சை பிடித்ததை ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். தனியே எடுத்து நிழலில் நன்றாக உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

முக்கியமானது ஒரு கேள்வி நோட்டு. நாலு கட்டம் போடுங்கள்: தேதி, வாசகர் கேட்ட வார்த்தை அப்படியே, உண்மையில் அவருக்கு வேண்டியது, கொடுத்தது. பெயர் எழுதாதீர்கள். நோய், வழக்கு என்றெல்லாம் கேட்டு வருவார்கள். எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் ஒரு வாரத்தில் கை ஓய்ந்து நோட்டு நின்றுவிடும். முடியாதபோது 'இல்லை' என்று அனுப்பியதை மட்டுமாவது எழுதிவையுங்கள். மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர், ரப்பர் பால்வெட்டு பற்றிக் கேட்டவர், பழைய போட்டித்தேர்வு கைடைப் புரட்டிப் பார்த்து வைத்துவிட்டுப் போன பிள்ளை எல்லாரும் அதில் இருப்பார்கள்.

மாவட்டத்துக்குப் புத்தகத் தேவை எழுதி அனுப்பும்போது அந்த நோட்டைத் திறந்து, 'தேனீ வளர்ப்பு: 3 மாதத்தில் கேட்டவர் 7, கையிருப்பு 0' என்கிற மாதிரி எழுதுங்கள். 'அனைத்துத் துறை நூல்களும் தேவை' என்று எழுதினால் என்ன வந்து இறங்கும் என்பதைக் கட்டுப் பிரிக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.