புதிய ஆவணத் தளமா? பழைய இணைப்புகளிலிருந்து சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தங்கள் ஆவணத் தளத்தை (மென்பொருளை நிறுவிப் பயன்படுத்தும் வழிமுறைகளை விளக்கும் இணையதளத்தை) புதுப்பிக்கும்போது, வெளியிடும் முன் ஒரு சோதனை முகவரியைக் கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்று பயனர்களைக் கேட்பது வழக்கம். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய, மிகவும் பயனுள்ள பங்களிப்பு இது. ஆனால் வருகிற கருத்துகளில் பல, முதல் பக்கத்தின் நிறம், லோகோவின் அளவு என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆவணம் தேடி வருபவரோ பெரும்பாலும் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. தேடுபொறி வழியாகவோ, மென்பொருள் காட்டும் பிழைச் செய்தியில் உள்ள இணைப்பு வழியாகவோ நேராக ஓர் உள்பக்கத்துக்கு வந்துவிடுகிறார். சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதை உங்கள் வாசகர்களிடம் வலியுறுத்தவே இக்கடிதம்.

முதல் வேலை, பழைய முகவரிகளைத் திரட்டுவது. பழைய தளத்தின் சைட்மேப் கோப்பில் பக்கங்களின் பட்டியல் இருக்கும். சர்வர் பதிவுகளில் எந்தப் பக்கம் அதிகம் திறக்கப்பட்டது என்பது தெரியும். பலரும் மறப்பது மூன்றாவது இடத்தை: மென்பொருளின் மூல நிரலுக்குள்ளேயே ஆவண முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். ஏற்கெனவே நிறுவப்பட்ட பதிப்புகளில் அவற்றை இனி யாராலும் மாற்ற முடியாது; புதிய தளம்தான் அவற்றை ஏற்று வழிகாட்ட வேண்டும். திரட்டிய பட்டியலை, முகவரிகளைத் திறந்து சர்வரின் பதிலைக் காட்டும் கர்ல் போன்ற கருவியில் கொடுத்து, மாறிய ஒவ்வொரு முகவரியும் 301 என்ற நிரந்தர வழிமாற்றை (புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் பதிலை) தந்து, 200 (பக்கம் கிடைத்தது என்ற குறி) தரும் சரியான பக்கத்தில் போய் முடிகிறதா என்று பாருங்கள். 302 வந்தால் அது தற்காலிக வழிமாற்று. நிரந்தர மாற்றத்துக்கு அது பொருந்தாது. எல்லாப் பழைய முகவரிகளையும் முதல் பக்கத்துக்கே திருப்பிவிடுவது இன்னும் மோசம். கேட்டது கிடைக்காததோடு, அந்தப் பக்கம் இப்போது இல்லை என்ற தகவலும் வாசகருக்குத் தெரியாமல் போகிறது. பக்கம் கிடைக்கவில்லை என்று திரையில் எழுதிவிட்டு, பின்னணியில், பக்கம் இல்லை என்பதைச் சொல்லும் 404-க்குப் பதில் 200 அனுப்பும் தளங்களும் உண்டு. இணைப்புச் சோதனைக் கருவிகள் அதில் ஏமாந்துவிடும். கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. முகவரியில் ஹேஷ் குறிக்குப் (#) பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே சர்வரில் எத்தனை வழிமாற்று எழுதினாலும் அந்தப் பகுதியைச் சரிசெய்ய முடியாது. அமைப்புத் தெரிவுகள் அத்தனையையும் விளக்கும் நீண்ட பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட தெரிவுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். தளத்தை உருவாக்கும் புதிய கருவி அத்தலைப்பின் அடையாளத்தில் (ஹேஷுக்குப் பின்னால் வரும் பெயரில்) அடிக்கோட்டுக்குப் பதில் இடைக்கோடு போட்டால் போதும், வாசகர் பக்கத்தின் உச்சியில் விடப்படுவார்; பிழைச் செய்தி எதுவும் வராது. தீர்வு, பழைய அடையாளங்களையும் அதே இடத்தில் கூடுதலாக வைத்திருப்பது. ஒரு பக்கத்தைப் பத்தாகப் பிரித்திருந்தால், பழைய முகவரியில் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, ஹேஷ் பகுதியைப் படித்து உரிய பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

தமிழ் ஆவணங்களில் இது இரட்டிப்பாகிறது. எளிய உரையை வலைப்பக்கமாக மாற்றும் பைத்தான் மார்க்டவுன் என்ற நிரலகம் தன் இயல்பு அமைப்பில் தலைப்பிலிருந்து அடையாளம் உருவாக்கும்போது ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) அல்லாத எழுத்துகளை நீக்கிவிடும். தமிழில் மட்டும் உள்ள தலைப்புகளுக்கு அடிக்கோடு 1 (_1), அடிக்கோடு 2 (_2) என்றுதான் அடையாளம் கிடைக்கும். மேலே ஒரு புதிய தலைப்பைச் சேர்த்தால் கீழே உள்ள அத்தனை எண்களும் நகர்ந்து, ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் வேறு இடத்தைக் காட்டும். யூனிகோடை அனுமதிக்கும் அமைப்பை இயக்கினாலும் முழுத் தீர்வு இல்லை. பைத்தானின் வழக்கமான தேடல் விதி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் கொள்வதில்லை. விளைவு: 'கோப்பு', 'காப்பு' இரண்டும் 'கபப' என்றே ஆகிவிடும். தலைப்பு ஒவ்வொன்றுக்கும் கையால் ஓர் அடையாளம் எழுதுவதுதான் நம்பகமான வழி. பக்க வடிவமைப்பில், எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடும் விதி தமிழ்த் தலைப்புகளில் படுகிறதா, வரி உயரம் குறைந்து மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது கட்டளைகள். எதுவும் நிறுவப்படாத ஒரு புதிய மெய்நிகர் கணினியிலோ கன்டெய்னரிலோ (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலிலோ) நிறுவல் பக்கத்தை முதல் வரியிலிருந்து பின்பற்றுங்கள். பக்கத்தில் எழுதாத எதையும் செய்யாதீர்கள். தட்டச்சு செய்யாமல் நகலெடுத்தே ஒட்டுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் கண்ணுக்குச் சரியாகத் தெரிவது, கட்டளைகளை இடும் டெர்மினலில் தவறாக இருக்கலாம். அச்சழகுக்காக இரண்டு இடைக்கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றும் வசதி பல தளக் கருவிகளில் உண்டு. நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாகவும் அது மாற்றும். நிரல் பெட்டிக்குள் பொதுவாக இது நடக்காது. பத்திக்கு நடுவே சாதாரண எழுத்தில் குறிப்பிட்ட கட்டளைத் தெரிவுகளில்தான் நடக்கும். ஒட்டியதும் மென்பொருள் அந்தத் தெரிவை அறியாது என்று மறுத்துவிடும். நகலெடுக்கும் பொத்தானையும் சோதிக்க வேண்டும். வரித் தொடக்கத்தில் உள்ள டாலர் குறியும் சேர்ந்து வந்தால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) சொல்லும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரைக் காட்டும் ஹேஷ் குறி சேர்ந்து வந்தாலோ, பல ஷெல்களில் முழு வரியும் இயங்காத குறிப்புரையாகிவிடும். எதுவும் நடக்காது, பிழையும் வராது. புதிதாகக் கற்பவர் வேலை முடிந்தது என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடுவார்.

தேடல் பெட்டியில் பெரும்பாலோர் ஒரு பொதுச் சொல்லை இட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். உண்மையான பிழைச் செய்தி ஒன்றை முழுதாக ஒட்டுங்கள். இடைக்கோடு உள்ள தெரிவு, அடிக்கோடு உள்ள செயற்கூறின் பெயர் இரண்டையும் தேடுங்கள்; சொற்பிரிப்பு விதி அவற்றைத் துண்டாக்கியிருந்தால் தொடர்பில்லாத பக்கங்கள் குவியும். தமிழில் 'கோப்புகளை' என்று தேடினால் 'கோப்பு' உள்ள பக்கம் வர வேண்டும். சொற்களின் வேரைக் கண்டறியும் ஸ்னோபால் நிரலகத்தில் தமிழுக்கான வேர்ச்சொல் பகுப்பான் இருக்கிறது. தளத்தின் தேடல் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். பதிப்புத் தேர்வியை மாற்றும்போது அதே பக்கத்தின் வேறு பதிப்பு திறக்க வேண்டும்.

பின்பு சுட்டியை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு பக்கத்தைப் படியுங்கள். முதல் டேப் விசையிலேயே உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்புக் கிடைக்காவிட்டால், பக்கப்பட்டியின் நூறு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டியிருக்கும். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை நெறிகளின் ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 நிற வேறுபாடு தேவை. இருள் நிலையில், நிரல் பெட்டியில் வரும் சாம்பல் நிறக் குறிப்புரைகள்தான் வழக்கமாக இதில் தவறும். 1280 பிக்சல் அகலத்தில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டவணையும் நிரலும் தம் பெட்டிக்குள் நகரலாம், முழுப் பக்கமும் பக்கவாட்டில் நகரக் கூடாது.

தளத்தைத் திறக்கும் அணியினருக்கும் ஒன்று. சோதனைத் தளத்தைத் தேடுபொறியிலிருந்து மறைக்க வைத்த நோஇண்டெக்ஸ் குறிப்பு வெளியீட்டு நாளில் அப்படியே தங்கிவிட்டால், உண்மைத் தளமே தேடல் முடிவுகளிலிருந்து மறையத் தொடங்கும். அதை நீக்குவதை ஒருவர் பொறுப்பில் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். சோதனைக் காலத்தில், தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பாலும் சேர்த்துத் தடுப்பது உதவாது. தடுக்கப்பட்ட பக்கத்தைத் தேடுபொறியின் நிரலி படிக்காது என்பதால், அதில் உள்ள நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படவே படாது. தளப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்றுவதாக இருந்தால், அதன் ஆயுட்காலத்தை (பிற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே 300 விநாடிக்குக் குறைத்துவையுங்கள். 86,400 விநாடி என்று விட்டால், தவறு நேர்ந்து திரும்பும்போது சில பயனர்கள் ஒரு நாள் வரை தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.

குறைகளைத் தெரிவிக்கும்போது ஓர் அறிக்கையில் ஒரு குறை மட்டும் இருக்கட்டும். பக்க முகவரி, உலாவி, திரை அகலம், செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். முகவரி அமைப்பைப் பற்றிய குறைகளை எல்லாவற்றுக்கும் முன்னால் அனுப்புங்கள். நிறத்தை வெளியீட்டுக்கு மறுநாளும் மாற்றலாம். புதிய முகவரிகளை மக்கள் பகிரத் தொடங்கிய பிறகு அவற்றை மாற்றினால், இன்னொரு அடுக்கு வழிமாற்றையும் காலம் முழுக்கப் பராமரிக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் ஆவணப் பணியில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள்