விரலில் இன்னும் ஒரு சொட்டு: சென்னை சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் பொதுச் சுகாதாரத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாசற்படியிலேயே உட்கார்ந்து அம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறார். அதே விரலில் இன்னும் ஒரு சொட்டு எடுத்து, கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும், ஆயுளில் ஒரு தடவையாவது.

என் அண்ணனுக்கு பி இருப்பது ரத்ததானம் செய்யப் போனதால்தான் தெரிந்தது. வயது நாற்பத்து நான்கு. கண்ணில் மஞ்சள் இல்லை, சோர்வு இல்லை. “காமாலையே வரவில்லையே?” என்றுதான் எல்லோரும் கேட்டோம். (காமாலை என்றதும் நினைவுக்கு வரும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் கெட்ட தண்ணீரில் வருபவை. அது குழாய்களைப் பற்றிய வேறு மடல்.) அன்று மாலையே அண்ணனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மறுநாள் அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தார்.

இரண்டும் வேண்டாத வேலை. பி வைரஸ் ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. கீழாநெல்லிக்கு ஒரு சென்னைக் கதை உண்டு. இந்த வைரஸைக் கண்டறிந்த பிளம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில், அது பி-க்குப் பலன் தருவதாக நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அது நிற்கவில்லை. அத்தையிடம் சொன்னேன். “மோராவது உடம்பில் சேரட்டும்” என்றார்.

இன்றைய குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட்டுவிடுகிறீர்கள். பி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவில் முதலில் வந்ததே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அண்ணன் தலைமுறைக்கு அதெல்லாம் ஏது? பிறக்கும்போதே தொற்றினால் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும். கல்லீரல் சுருங்கும்வரை, சிலருக்குப் புற்றே வரும்வரை, சத்தம் காட்டாது.

2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். சி என்றால் பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். பி-யை அடக்கிவைக்கத் தினம் ஒரு மாத்திரை; எல்லோருக்கும் அதுவும் தேவைப்படாது. அண்ணனுக்கு இப்போதைக்கு ஆறு மாதத்துக்கொரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான். மாத்திரை இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்று. போன வாரம் எங்கள் தெருக் குப்பையைப் பிரித்த தூய்மைப் பணியாளர் ஒருவரின் கையுறையில் ஓர் இன்சுலின் ஊசி ஏறிவிட்டது. தவறு, பழைய துணியோடு அதைச் சுருட்டிப் போட்ட எங்கள் தெருக்காரர்களுடையது. தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் உட்பட, பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாக வேண்டும். முதல் தவணையிலிருந்து மூன்றாவதுக்கு ஆறு மாதம். தையில் முகாம் தொடங்கினால் ஆடியில் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவர்