பாம்படம் மாட்டிவிட்ட அக்காவுக்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும்

ஆச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று மாலை திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியில் இனிப்பு போதாது என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தைக் கேட்டு நானும் அம்மாவும் அடுக்களையில் நின்று அழுதோம். அந்த 11 நாளும் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் பைக்கில் வந்த தம்பிகள், நடுராத்திரியில் ஆட்டோ எடுத்த அண்ணன், எங்கள் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்ட பக்கத்து வீட்டு மதினி, திருச்செந்தூரில் ஆச்சி பேருக்கு அர்ச்சனை செய்தவர்கள், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுத்த மாமாக்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஸ்கேனுக்கு முன்னால், ஆச்சி காதில் தொங்கும் பெரிய தங்க நகையான பாம்படத்தைக் கழற்றச் சொன்னார்கள். அது சரிதான், உலோகம் இருக்கக் கூடாது. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அரை நினைவில் கிடந்த ஆச்சி கையைத் தூக்கிக் காதைத் தடவிப் பார்த்தாள். “ஏளா, காத மூடுளா” என்றாள்.

குணுக்கு என்ற கனமான வளையத்தை மாட்டி இழுத்து வளர்த்த காது அது. தன் வயதுப் பெண்கள் காதை அறுத்துத் தைத்துக் கம்மலுக்கு மாறியபோது ஆச்சி மட்டும் மாட்டேன் என்று நின்றாளாம். கோடை விடுமுறையில் அவள் மடியில் படுத்துக் கதை கேட்பேன். அவள் தலையை ஆட்ட ஆட்ட, பாம்படம் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும். பேய் வரும் இடத்தில் மட்டும் தலையை அசைக்காமல் நிறுத்துவாள். சத்தம் நின்றுவிடும். நான் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைப்பேன்.

சில மாதங்கள் அந்தக் காது வெறுமையாக இருக்கும். அப்போதெல்லாம் முந்தானையைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்வாள். பாம்படம் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பம்புசெட்டுக்கு ஒருமுறை, அத்தை கல்யாணத்துக்கு ஒருமுறை, என் கல்லூரிப் பணத்துக்கு ஒருமுறை. நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று அவள் காதை மூடியபடிதான் பஸ் ஏற்றிவிட்டாள். எனக்கு அப்போது 18 வயது. எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி அங்கியில் முந்தானைக்கு எங்கே போவது? என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி வார்டு துடைக்க வந்த அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போய்த் துவைத்த வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, சிஸ்டரிடம் கேட்டுவிட்டு, தலையைச் சுற்றிக் காதுகள் மறைகிற மாதிரி தளர்வாகக் கட்டினார். “இப்ப யாருக்கும் தெரியாது ஆச்சி, தூங்குங்க.” ஆச்சி கையை இறக்கினாள். அன்றைக்கு முதன்முதலாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எனக்கு மாட்டத் தெரியவில்லை. அதைப் பிடித்து விளையாடியே வளர்ந்தவள் நான். எது முன்னால் வரும், திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதே அக்காதான் கையைக் கழுவிவிட்டு வந்தார். தன் அம்மாச்சிக்கு மாட்டிப் பழகிய கையாம். வலது காதுக்கு அவர் மாட்டினார். இடது காதை என்னிடம் விட்டார். “இன்னொரு ஸ்கேன் இருக்குல்லா? நாளைக்கு நான் டூட்டில இருக்க மாட்டேன். நீங்க பழகிக்கோங்க.” காதை இழுக்கக் கூடாது, அடியில் விரல் கொடுத்துத் தாங்க வேண்டும், பாம்படத்தைத்தான் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். என் கை நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அக்கா, யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினால், திருக்கார்த்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஓலைக் கொழுக்கட்டைக்குக் குருத்தோலை வெட்ட ஆச்சி இப்போதே ஆள் சொல்லிவைத்துவிட்டாள். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி நிறையக் கட்டி வைப்பாள்.

அந்தப் பாம்படம் இனி எந்தக் கடைப் படியும் ஏறாது. அதற்கு நான் பொறுப்பு. தினமும் காலையில் துடைத்து நானே மாட்டிவிடுகிறேன். இன்றைக்கு இடது காதும் தடுமாறாமல் வந்துவிட்டது. ஆச்சி தலையை லேசாக ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது.